பாஸ்வேர்டு சரிதான், ஆப் சொன்னதுதான் தப்பு: போனோடு வந்த மெயில் ஆப்புக்கு ஐந்தில் இரண்டு

போன் மாற்றி மூன்று வாரம் ஆகிறது. போனில் எனக்குக் குறை எதுவும் இல்லை, அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது அதனுள்ளேயே வந்த மெயில் ஆப்பைப் பற்றி. தயாரித்தவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் 'அவங்க ஆப் அப்படித்தான்' என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இதே கூத்து வேறு ஆப்களிலும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு ஒருமுறை சேர்ந்துவிட்டால் படிக்க, எழுத, தேட எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. சேர்ப்பதற்குத்தான் மூன்று ராத்திரி போனது, மூன்று நட்சத்திரம் குறைந்ததும் அதனால்தான்.

சேர்க்க வேண்டியவை மூன்று கணக்குகள். ஒன்று கூகுள் கணக்கு, இன்னொன்று என் சொந்த டொமைனில் (எனக்கென்று பதிவு செய்த இணையப் பெயரில்) ஓடும் வேலைக் கணக்கு, மூன்றாவது அக்காவுடையது. அக்காவும் அதே போன்தான் வாங்கியிருக்கிறாள், வீட்டில் ஒருவனுக்கு செட்டிங்ஸ் என்றால் என்னவென்று தெரிந்துவிட்டால் எல்லார் போனும் அவன் மடியில்தான் வந்து விழும்.

கூகுள் கணக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகவரியை அடித்ததும் ஆப் ஒதுங்கிக்கொண்டு கூகுளின் சொந்தப் பக்கத்தைத் திறந்தது, பாஸ்வேர்டை அங்கே கொடுத்தேன், பழைய போனில் 'நீங்கள்தானா?' என்று ஒரு கேள்வி வந்தது, ஆம் என்று தட்டினேன், மெயில் கொட்ட ஆரம்பித்தது. (இப்படிக் கேட்கும் என்று தெரிந்துதான் பழைய போனை சார்ஜ் ஏற்றி, வைஃபையோடு மேஜை டிராயரில் ஆன் செய்தே வைத்திருந்தேன். அந்த டிராயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) இந்த முறையில் என் பாஸ்வேர்டு ஆப்பின் கைக்குப் போவதே இல்லை, கூகுள் அதற்கென்று ஒரு டோக்கன், அதாவது நுழைவுச் சீட்டு, கொடுத்து உள்ளே விடுகிறது. 2022 மே 30 முதல், முகவரியையும் பாஸ்வேர்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு நுழையும் ஆப்களை கூகுள் தனிநபர் கணக்குகளில் அனுமதிப்பதில்லை. அதனால் கணக்கு வகை கேட்கும் இடத்தில் கூகுள் என்பதை விட்டுவிட்டு 'மற்றவை' என்பதைத் தட்டி வழக்கமான பாஸ்வேர்டை அடித்தால், பாஸ்வேர்டு நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் தப்பு என்றுதான் வரும். டோக்கன் முறை தெரியாத பழைய ஆப்பையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, 'ஜிமெயில் செட்டிங்ஸில் போய் ஐமேப்பை ஆன் செய்யுங்கள்' என்று பழைய குறிப்புகளில் இருக்கும் (ஐமேப் என்பது சர்வரில் இருக்கும் மெயிலை ஆப் எடுத்துக் காட்டும் முறை). 2025 ஜனவரி முதல் தனிநபர் கணக்குகளில் அந்த ஸ்விட்ச்சே கிடையாது, எப்போதும் ஆன்தான். இல்லாத ஸ்விட்ச்சைத் தேடி அரைமணி நேரம் வீணடிக்க வேண்டாம்.

இனி வேலைக் கணக்கு.

புதுப் போன் வாங்கிய கையோடு, பெரிய புத்திசாலி மாதிரி, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தேன். ஆப்பைத் திறந்து முகவரி, புதுப் பாஸ்வேர்டு, அடுத்து. ஒரு வட்டம் சுற்றியது. 'உள்நுழைய முடியவில்லை. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கவும்.' சரி, விரல் தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தேன், அதே வாக்கியம். கண் ஐகானைத் தட்டி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன், அதே வாக்கியம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பாஸ்வேர்டை மாற்றப் போய்விடுவார்கள். அவசரப்பட்டு அதைச் செய்யாதீர்கள். முதலில் பிரவுசரைத் திறந்து, அதே போனில், அதே பாஸ்வேர்டைக் கொண்டு வெப்மெயிலுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். போக முடிந்தால் பாஸ்வேர்டில் குற்றம் இல்லை, ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவில்தான் கோளாறு. எனக்கு வெப்மெயில் ஒரே தட்டில் திறந்தது.

முதல் ராத்திரி கண்டுபிடித்தது இரண்டு விஷயம், இரண்டுமே சொல்ல வெட்கமாக இருக்கும் அளவுக்குச் சின்னவை. போன் கீபோர்டு முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே பட்டையில் காட்டுகிறதே, அதைத் தட்டினால் முகவரியோடு கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துப் போடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. சர்வருக்கு அது வேறொரு ஆள். ஓர் உருப்படியான ஆப் அந்த இடைவெளியைத் தானே வெட்டி எறிந்திருக்கும், இது அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது. இரண்டாவது, மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், பயனர்பெயர் என்ற கட்டத்தில் என் முகவரியில் அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் ஆப் தானாகவே நிரப்பி வைத்திருந்தது. சில சர்வர்களுக்கு அது போதும், ஆப்பிளின் ஐக்ளவுடில் உள்வரும் மெயிலுக்குப் பொதுவாக அந்த முன்பகுதிதான். ஆனால் ஒரே சர்வரில் பல டொமைன்கள் குடியிருக்கும் வாடகை ஹோஸ்டிங்கில் முழு முகவரியையும் கொடுக்காவிட்டால் யாருடைய கதவைத் தட்டுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது. முழு முகவரியைப் போட்டதும் அந்த வாக்கியம் ஒருவழியாகப் போனது, வேறொன்று வந்தது.

அதற்கு முன்னால் தமிழ் பற்றி ஒரு வார்த்தை. போனின் மொழியைத் தமிழில் வைத்திருக்கிறேன், வைத்திருப்பதில் சந்தோஷம்தான். ஆனால் இந்தத் திரையை மொழிபெயர்த்தவர் வாழ்க்கையில் ஒரு மெயில் கணக்கைக்கூடச் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார். உள்வரும் சேவையகம், வெளிச்செல்லும் சேவையகம் என்பதெல்லாம் சரி, புரிகிறது. போர்ட் (சர்வரில் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லும் எண்) என்பதை 'துறைமுகம்' என்று போட்டிருக்கிறார். 993-ஆம் துறைமுகத்தில் எந்தக் கப்பல் வரும் என்று அக்கா கேட்டாள். போர்ட் என்றே தமிழில் எழுதியிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டாவது ராத்திரி. 'சான்றிதழ் நம்பகமானது அல்ல' என்றது. சான்றிதழ் என்பது சர்வர் காட்டும் அடையாள அட்டை. இது ஆப்பின் குற்றம் இல்லை, சரியான எச்சரிக்கைதான், அதற்காக அரை நட்சத்திரம் கொடுக்கலாம். நான் சர்வர் பெயராக என் டொமைனுக்கு முன்னால் மெயில் என்று ஒட்டிய பெயரைக் கொடுத்திருந்தேன். சர்வர் காட்டிய சான்றிதழோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் சொந்த சர்வர் பெயரில் இருந்தது. பெயர் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கணக்குப் பக்கத்தில் போய் அவர்கள் கொடுத்திருந்த சர்வர் பெயரைப் பார்த்து அதையே போட்டதும் தீர்ந்தது. ஆனால் இந்த ஆப் அந்த வழியைக் காட்டவில்லை, பாதுகாப்பு வகைப் பட்டியலில் எஸ்எஸ்எல் (பேச்சை ரகசியமாக்கும் முறை) என்பதற்கு நேர் கீழே 'எஸ்எஸ்எல், எல்லாச் சான்றிதழ்களையும் ஏற்கவும்' என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதைத் தட்டினால் உடனே வேலை செய்யும், அதுதான் ஆபத்து. நடுவில் யாராவது போலி சர்வரோடு உட்கார்ந்திருந்தாலும் ஆப் அவனிடமே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வரும், பொது வைஃபையில் இது வெறும் கற்பனை இல்லை. இப்படி ஒரு தேர்வை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சாதாரணப் பட்டியலில் வைத்ததற்கு நான் அந்த அரை நட்சத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். (சான்றிதழ் பிழை திடீரென்று எல்லாத் தளங்களிலும் வந்தால் போனின் தேதியைப் பாருங்கள். தேதி பழைய வருடத்தில் நின்றிருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத்தான் தெரியும்.)

மெயில் வர ஆரம்பித்தது. வெளியே போகவில்லை. இங்கேதான் சுவாரசியமே.

வெளிச்செல்லும் பக்கத்தில் ஆப் தானாக நிரப்பி வைத்தது போர்ட் 25, பாதுகாப்பு எதுவுமில்லை, 'உள்நுழைவு தேவை' என்ற கட்டத்தில் டிக்கும் இல்லை. அந்த நிலையில் எனக்கு நானே ஒரு சோதனை மெயில் அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது, ஆகா என்று நினைத்து அக்காவுக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிட்டது. யோசித்தால் காரணம் எளிது. என் சர்வருக்கே வரும் கடிதத்தை யார் கொண்டுவந்தாலும் சர்வர் வாங்கிக்கொள்ளும், அதன் வேலையே அது. வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர் என்றால்தான் 'நீ யார்?' என்று கேட்கும், நான் யாரென்று சொல்ல டிக் போடவில்லை. எனக்கு நான் அனுப்புவது மட்டும் போகிறது, மற்றவர்களுக்குப் போகவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த டிக்கைத்தான். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் போர்ட், ஸ்பேம் தொல்லையால் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அதை அடைத்தே வைத்திருக்கின்றன, என்னுடையதில் திறந்திருந்தது தற்செயல். போனிலிருந்து அனுப்ப வேண்டியது 465 அல்லது 587 வழியாக.

சரி என்று 465 போட்டேன், பாதுகாப்பில் ஸ்டார்ட்-டிஎல்எஸ் (சாதாரணமாகப் பேசத் தொடங்கி, பிறகு ரகசியத்துக்கு மாறும் முறை) என்று வைத்தேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் வந்தது நம் பழைய நண்பர்: 'பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கவும்.' உண்மையில் பயனர்பெயர் சர்வரிடம் போகவே இல்லை! 465-இல் இணைத்ததும் போன்தான் முதலில் ரகசியப் பேச்சைத் தொடங்க வேண்டும், அதுவரை சர்வர் வாயே திறக்காது. ஸ்டார்ட்-டிஎல்எஸ் முறையிலோ சர்வர் முதலில் 220 என்று வணக்கம் சொல்ல வேண்டும், அதுவரை போன் காத்திருக்கும். 'நீங்க முதல்ல' என்று இரண்டும் வாசலில் நின்று மரியாதை காட்டிக்கொண்டே நேரம் தீர்ந்துவிட்டது. தலைகீழாக, 587-இல் எஸ்எஸ்எல் வைத்தால் சர்வர் சாதாரணமாகச் சொல்லும் வணக்கத்தை ரகசியப் பேச்சு என்று நினைத்து போன் குழம்பி உடனே அறுத்துக்கொள்ளும். ஆக, வட்டம் வெகுநேரம் சுற்றினால் ஒரு காரணம், பட்டென்று அறுந்தால் இன்னொரு காரணம். ஜோடி இதுதான்: 465-க்கு எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ், 587-க்கு ஸ்டார்ட்-டிஎல்எஸ். உள்வரும் பக்கத்தில் ஐமேப்புக்கு 993-இல் எஸ்எஸ்எல், 143-இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ்.

பாப்3 என்றும் ஒன்று அதே பட்டியலில் முதல் வரிசையில் இருக்கிறது, போர்ட் 995. அகர வரிசை என்றால்கூட ஐமேப்தான் முதலில் வரவேண்டும், ஏன் இதை மேலே வைத்தார்கள் என்று தெரியவில்லை. பாப்3 என்பது தபால்காரரிடம் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்வது மாதிரி, 'சர்வரிலிருந்து நீக்கு' என்பதும் ஆன் ஆகியிருந்தால் கடிதம் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கும், போன் தொலைந்தால் அதுவும் போச்சு. ஐமேப்பில் எல்லாம் சர்வரிலேயே இருக்கும், எத்தனைக் கருவிகளில் வேண்டுமானாலும் பார்க்கலாம். இத்தனைக்கும் ஐமேப் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை, 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது, பாப்3 வந்தது 1988-இல்.

இந்த இரண்டாவது ராத்திரியில் எனக்குக் கை கொடுத்தது ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப். முன்பு கே-9 மெயில் என்று இருந்ததை 2022-இல் தண்டர்பேர்ட் குழு தன்னோடு சேர்த்துக்கொண்டு, 2024 அக்டோபரில் தன் பெயரிலேயே வெளியிட்டது. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது, கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்கள் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தே கணக்குகளைப் போனுக்குக் கொண்டுவரலாம். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, பிழை வந்தால் 'சர்வர் அனுப்பிய செய்தி இது' என்று சர்வர் சொன்னதை அப்படியே காட்டிவிடும். சர்வர்கள் ஊமை இல்லை. 535 என்றால் உள்நுழைவு ஏற்கப்படவில்லை, கூகுள் 534 அனுப்பி ஆப் பாஸ்வேர்டு வேண்டும் என்றே சொல்லும். காரணத்தை எழுதியே கொடுக்கின்றன, போனோடு வந்த ஆப்தான் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் ஒரே வாக்கியத்தை ஒப்பிக்கிறது. என் முழுக் கோபமும் இந்த ஒரு விஷயத்தில்தான். இடைவெளி, பயனர்பெயர், போர்ட் ஜோடி, எல்லாவற்றுக்கும் ஒரே வசனம், தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் மருத்துவர் மாதிரி.

மூன்றாவது ராத்திரி நடந்ததுதான் வேடிக்கை. எல்லாம் சரியாகி ஒரு முழுநாள் ஓடியது. மாலையில் திடீரென்று நின்றது. அதே வாக்கியம். நான் எதையும் தொடவில்லை. வைஃபையை அணைத்து டேட்டாவில் போட்டால் மெயில் வந்தது, வைஃபைக்குத் திரும்பினால் நின்றது. தண்டர்பேர்டிலும் வைஃபையில் இணைப்பே கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வேலை செய்தது, அப்புறம் மறுபடி நின்றது. ரவுட்டரைத் திட்டினேன், அணைத்துப் போட்டேன், பாவம் அது ஒரு தப்பும் செய்யவில்லை.

கடைசியில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு சாட்டில் எழுதினேன். முதலில் வந்தவர் பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள் சார் என்றார், அடுத்து வந்தவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு நிமிடம் சர்வரின் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, 'சார், உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்து ஒரு கருவி பழைய பாஸ்வேர்டோடு தொடர்ந்து முட்டிக்கொண்டே இருக்கிறது, தப்பான முயற்சிகள் ஓர் அளவைத் தாண்டினால் எங்கள் சர்வர் அந்த ஐபியையே கொஞ்ச நேரம் அடைத்துவிடும்' என்றார். எனக்கு அந்த நொடியில் டிராயர் ஞாபகம் வந்தது. பழைய போன்! வைஃபையோடு, முழு சார்ஜோடு, உள்ளே இருட்டில் உட்கார்ந்துகொண்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வேலைக் கணக்கை நீக்கினேன், அவர் அடைப்பை எடுத்துவிட்டார், அன்றிலிருந்து தொல்லை இல்லை. அந்த இரண்டாமவருக்கு ஐந்துக்கு ஐந்து. பாஸ்வேர்டு மாற்றுகிறவர்கள் பழைய போன், டேப்லெட், அலுவலகக் கம்ப்யூட்டர் என்று எங்கெல்லாம் அந்தக் கணக்கு ஓடுகிறதோ அங்கெல்லாம் போய் மாற்றுங்கள், அல்லது நீக்குங்கள்.

அக்காவின் கணக்கு அவுட்லுக் முகவரி. அதுவும் கூகுள் கதைதான், 2024 செப்டம்பர் 16-க்குப் பிறகு வெறும் பாஸ்வேர்டு முறையை மைக்ரோசாஃப்ட் அந்தக் கணக்குகளில் நிறுத்திவிட்டது, மைக்ரோசாஃப்டின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும் வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்கா முதலில் தட்டியது 'மற்றவை'. ஏன் என்றால், 'என்னோடது கூகுளும் இல்ல, ஆபீஸும் இல்ல, அப்போ மத்ததுதானே' என்றாள். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கான பொத்தானில் ஆபீஸ் என்று மட்டும்தான் போட்டிருந்தது, அவள் மேல் என்ன தப்பு? மாற்றித் தட்டியதும் சேர்ந்தது.

சேர்ந்த பிறகு ஒரு சின்னத் தொல்லை. ஆப்பைத் திறந்தால்தான் மெயில் வரும், திறக்காவிட்டால் வராது. இது பிழை மாதிரி தெரிந்தாலும் பேட்டரி சேமிப்புதான் காரணம், ஆண்ட்ராய்டு 6-லிருந்தே சும்மா கிடக்கும் போனில் ஆப்களைத் தூங்க வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஐமேப்பில் சர்வரோடு இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு புது மெயில் வந்ததும் தெரிந்துகொள்ளும் வசதி 1997-லிருந்து உண்டு, ஆனால் 29 நிமிடத்துக்குள் ஒருமுறையாவது ஆப் அதைப் புதுப்பிக்க வேண்டும், தூங்குகிறவன் எதைப் புதுப்பிப்பான். போன் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் இந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன், உடனுக்குடன் வருகிறது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறது, எனக்குப் பரவாயில்லை.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் எழுத்துரு கண்ணை உறுத்தவில்லை, தமிழில் தேடினால் கிடைக்கிறது, இணைப்புகளைத் திறக்காமலேயே முன்னோட்டம் பார்க்கலாம், விளம்பரம் கிடையாது. கூகுள் கணக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் நான் எழுதிய எதையும் சந்திக்கவே மாட்டார்கள், அவர்களுக்கு இது நான்கு நட்சத்திர ஆப். சொந்த டொமைன், கல்லூரி, அலுவலக சர்வர் என்று வைத்திருப்பவர்கள் தண்டர்பேர்டில் முதலில் சேர்த்துப் பார்த்து, சரியாக வேலை செய்யும் அமைப்புகளைக் குறித்துக்கொண்டு, பிடித்தால் இதற்கு வாருங்கள். நான் வேலைக் கணக்கை அங்கேயே விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் தயாரித்தவர்களுக்கே எழுதலாம் என்று முதல் ராத்திரியே நினைத்தேன், கூகுள் கணக்கைக்கூடச் சேர்ப்பதற்கு முன்னால் அக்காவின் போனில் முயன்று தோற்றுக்கொண்டிருந்த நேரம். பிழைச் செய்திக்குக் கீழே 'சிக்கலைத் தெரிவிக்க' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தட்டினால் இதே ஆப்பில் புது மெயில் எழுதும் பக்கம் திறக்கிறது, மேலே சிவப்பில் ஒரு வரி: 'அனுப்புவதற்கு முதலில் ஒரு கணக்கைச் சேர்க்கவும்.'